காருக்குள் ஒரு காரியஸ்தர்

நிறுத்தி வைத்த கார் நடுநிசியில் தானாக ஹாரன் அடிக்கிறது. மழையே இல்லாதபோது வைப்பர் ஆடுகிறது. பேய் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், சகோதரிகளே! இக்காலத்துக் கார்களில் விளக்கு, ஜன்னல், பூட்டு, ஹாரன் எல்லாவற்றையும் மேற்பார்க்க, 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்' என்று ஒரு சிறு மின்னணுப் பெட்டி இருக்கிறது. பெரிய வீட்டுக் காரியஸ்தர் மாதிரி. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீடே தலைகீழ்தான்!

அதற்காக, எடுத்த எடுப்பில் அவருக்குச் சீட்டுக் கிழித்துவிடாதீர்கள். "பெட்டியை மாற்றவேண்டும்" என்று மெக்கானிக் சொன்னதும் பர்ஸைத் திறக்காமல், மூன்று கேள்விகள் கேளுங்கள். பாட்டரி சரியாக இருக்கிறதா? முழுச் சார்ஜில், இன்ஜின் ஓடாதபோது, சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். ஃப்யூஸ்களைப் பார்த்தாயிற்றா? கம்பி முனைகளிலும் 'எர்த்' இணைப்பிலும் ஈரமோ பச்சைக் களிம்போ இல்லையே? பல சமயங்களில் குற்றவாளி இவர்களில் ஒருவர்தான். பழி மட்டும் காரியஸ்தர் தலையில்!

பிறகு ஸ்கானரை மாட்டிப் பார்க்கட்டும். 'யூ 0140' என்று வந்தால், பெட்டியுடன் பேச்சு அறுந்துவிட்டது என்று பொருள். அறுந்தது கம்பியா, கெட்டது பெட்டியா என்று அப்போதும் சோதித்தே தீர்மானிக்கவேண்டும்.

மாற்றியே ஆகவேண்டுமா? பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே கைவைக்கவேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள். பல கார்களில், புதிதாக மாட்டும் பெட்டிக்கு உங்கள் காரின் அடையாள எண்ணையும் சாவிகளையும் கம்ப்யூட்டர் மூலம் பழக்கவேண்டும். ஆகவே, வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

மண்பானையைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். இந்தப் பெட்டியை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கலாமா?