'இங்' படுத்தும் பாடு!

மண்ணரை மாணவி ஒருவர் கல்லூரி விண்ணப்பத்தில், 'மை மதர் ஈஸ் செக்கிங்' என்று எழுதினாராம். ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சிட்டாங்க. "பேசாம ஹவுஸ் ஒய்ஃப்னு மாத்திடவா சார்?" என்கிறார்.

வேண்டாம்மா! திருப்பூரே 'இங்'கில்தான் ஓடுது. நிட்டிங், பிளீச்சிங், கட்டிங், செக்கிங், பேக்கிங்... இதெல்லாம் வேலையோட பேர். ஆனா, 'ஷி ஈஸ் செக்கிங்'னு எழுதினா, இந்த நிமிஷம் எதையோ சரிபார்க்கிறார்னு அர்த்தம். 'ஷி ஒர்க்ஸ் இன் செக்கிங்' என்று எழுதுங்க. 'ஷி ஈஸ் எ செக்கர்' என்றாலும் ஓகே.

'டையிங் மாஸ்டர்'னு சொல்றப்போ 'இங்'குக்கு மூணாவது வேலை. என்ன மாஸ்டர்? சாயம் போடுற மாஸ்டர். இங்கே ஸ்பெல்லிங் உஷார்! 'ஒய்'க்கு அடுத்து ஓர் 'இ' வரணும். விட்டா, 'செத்துக்கொண்டிருக்கும் மாஸ்டர்' ஆகிடுவார்! உச்சரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். நொய்யலில் சாயக்கழிவு கலந்து, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆத்தைக் கேட்டா, ரெண்டு டையிங்குக்கும் அதிக தூரமில்லைன்னு சொல்லும்.

விண்ணப்பத்தில் இலக்கணத்தை மட்டும் திருத்துங்க. அம்மாவோட வேலை அப்படியே இருக்கட்டும்.