‘உலகங் கெட்டது’ என்னும் வழக்கு

நம்மவருள் நால்வர் ஒருங்கு கூடியவிடத்து, மழை பெய்யாமையும் விலையேற்றமும் ஒருவாறு பேசி முடிந்தபின், பேச்சு வந்து நிற்குமிடம் ஒன்றுண்டு. அஃது ‘உலகங் கெட்டுவிட்டது’ என்பதேயாம். முதலில் நால்வரும் தலையசைத்து உடன்படுவர், ஒருவர் பெருமூச்செறிவர். அரை நாழிகை கழியுமுன்னரே அந்நால்வரும் இரு கட்சியாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காது எழுந்து போதலையும் யாம் கண்டிருக்கின்றோம். கெட்டது என்பதில் உடன்பட்டோர் அது காரணமாகவே பகைத்துப் பிரிதல் வியப்பன்றோ? நோயாளி ஒருவனைச் சூழ்ந்து நிற்குஞ் சுற்றத்தார், நோய் உண்டென்பதில் ஒருமித்தவராயின், மருந்து தேடுதற்கன்றோ ஒருமித்து முயலல் வேண்டும்? அது செய்யாது கட்டிலருகே நின்று கைகலப்பாராயின், நோயாளிமாட்டு அவர் வைத்த அன்பினும் வேறொன்று அவருள்ளத்தே மிக்கிருத்தல் வேண்டும். அவ்வேறொன்று யாதென ஆராய்தலே ஈண்டு எமது கருத்து.

‘கெட்டது’ என்னுஞ் சொல் கேட்குங்கால் ஒரு புலம்பல்போலத் தோன்றும். உண்மையில் அஃது ஒரு வழக்கேயாம். வழக்காயின் வாதியும் உண்டு, பிரதிவாதியும் உண்டு. கெட்டது என்பானுக்குக் கெடுத்தவன் ஒருவன் வேண்டும். அக்கெடுத்தவன் தானல்லன் என்பது சொல்லாமலே பெறப்படும். ஆகவே கேட்டு நிற்பவன், ‘இவர் யாரைக் கருதி இது கூறுகின்றார்? என்னையோ? என் குலத்தாரையோ? யான் சார்ந்த இயக்கத்தாரையோ? என் மக்களையோ?’ என்று ஐயுற்றுத் தன்னைக் காத்தற்கு முற்படுவான். இங்ஙனம் முதற்சொல்லிலேயே ஒருவர் வாதியாகவும் மற்றவர் பிரதிவாதியாகவும் ஆகிவிட்டபின், ஆங்கு நிகழ்வது ஆராய்ச்சியன்று, போரேயாம்.

முறையாக ஆராய்வார்க்கு மூன்று வினாக்கள் உள. கெட்டது யாது? எக்காலத்தோடு ஒப்பிட்டுக் கெட்டது? எக்காரணத்தாற் கெட்டது? முதலாவதற்கு எண்ணும் அளவும் விடை தரும். இரண்டாவதற்கு வரலாறு விடை தரும். இவ்விரண்டும் தெளிந்த பின்னரே மூன்றாவதனைத் தொடுதல் முறை. நம்மவரோ மூன்றாவதனையே முதற்கண் எடுத்துக்கொள்வர். பகைவனை முன்னரே குறித்துக்கொண்டு, அவன் வந்த நாளையே வீழ்ச்சியின் தொடக்கநாளாக நாட்டி, அந்நாள்தொட்டு நிகழ்ந்த தீமைகளை மட்டும் பொறுக்கி அடுக்குவர். ஆங்கில ஆட்சியை வெறுப்பார்க்கு அஃது வந்த நாளில் நாடு கெட்டது. விரும்புவார்க்கு அது போன நாளிற் கெட்டது. ஒருவர்க்குப் பெண்டிர் கல்லூரி புக்க நாள்; மற்றொருவர்க்குத் திரைப்படம் வந்த நாள்; இன்னொருவர்க்குக் கைப்பேசி வந்த நாள். நாள்கள் வேறுவேறாயினும், தமது செய்கையால் ஒரு சிறிதாயினும் கெட்டது என்று குறித்தாரை இவருள் யாம் கண்டிலேம்.

இது சிறியார்மாட்டு மட்டும் நிகழும் பிழை யென்று கருதற்க. 1934-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள், நண்பகல் கழிந்து இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், பீகாரின் வடபாகத்தும் நேபாளத்தும் நிலம் நடுங்கிற்று. மொங்கீர், முசபர்பூர் முதலிய நகரங்கள் இடிந்து வீழ்ந்தன. பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தே காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பின்பொருட்டுத் தென்னாட்டிற் பயணஞ் செய்துகொண்டிருந்தனர். அத்திங்கள் 24-ஆம் நாள் திருநெல்வேலியிற் கூடிய பொதுக்கூட்டத்திற் பேசியபோது, பீகாரின் இடருக்கும் தீண்டாமைக்கும் தொடர்புண்டென்றும், அப்பாவத்துக்கு இறைவன் விடுத்த ஒறுப்பே இஃதென்றும் தாம் கருதுவதாகக் கூறினர்.

இதனைக் கேட்ட கவி இரவீந்திரநாதர் பெரிதும் வருந்தி மறுப்பெழுதினர். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமாம் என்பது அவர் மறுப்பின் முதற்கூறு. அதனினும் நுட்பமானது இரண்டாவது கூறு: அடிகள் கையாண்ட இவ்வாதம் அவருடைய எதிரிகளுக்கே பெரிதும் பொருந்துவதாகும், தீண்டாமையைக் காக்க நிற்போர் எழுந்து, ‘நீவிர் பண்டைய வழக்கத்தைக் குலைத்தீர், ஆகலின் நிலம் நடுங்கிற்று’ என்று அடிகள்மீதே பழி சுமத்தினும் வியப்பில்லை என்பது. இக்கூற்றை அன்பர்கள் ஊன்றி நோக்குக. இடிந்த வீடு ஒன்றே. மாண்ட மக்களும் அவரே. ஆயினும் அவர் பிணத்தின்மேல் நின்று இரு கட்சியாரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டல் கூடும். இரு கட்சிக்கும் ஒப்பப் பயன்படுஞ் சான்று எக்கட்சிக்கும் சான்றாகாது என்பது அளவை நூலின் தொடக்கங் கற்றாரும் அறிவர்.

இந்தியத் திட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் திட்டின்கீழ் நெருங்கிப் புகுதலானே இமயத்தின் அடிவாரத்தில் நிலம் நடுங்குகின்றது என இன்று நிலநூலார் தெளிந்துள்ளனர். அந்நகர்ச்சி தீண்டுவார் தீண்டாதார் வேறுபாட்டை அறியாது. தீண்டாமை கொடிது என்பதற்கோ நிலம் நடுங்கவேண்டுவதில்லை. ஒரு மகவு குளத்தில் நீர்மொள்ள வந்து விரட்டப்பட்ட ஒன்றே அதற்குச் சாலும். அடிகளது கொள்கை செவ்விது. அவர் எடுத்த சான்றோ வழுவுற்றது. அத்தகைய பெரியாரே பொதுத்துயரைத் தம் வழக்கிற்குச் சான்றாக்கினரெனின், ஏனையோர் செய்தியைக் கூறவும் வேண்டுமோ?

மேனாட்டு வரலாற்றினும் இவ்வியல்பே காணப்படுகின்றது. கி.பி. 410-ஆம் ஆண்டில் அலாரிக் என்பான் தன் படையொடு உரோமாபுரியுட் புகுந்து கொள்ளையிட்டபோது, பழந்தெய்வ வழிபாட்டினர், ‘முன்னோர் தெய்வங்களைக் கைவிட்டமையான் நகர் வீழ்ந்தது’ எனக் கிறித்தவரைக் குற்றஞ் சாட்டினர். அதனை மறுத்தற்கு அகஸ்தீன் என்னும் பெரியார் 413-இல் தொடங்கி ஏறத்தாழப் பதின்மூன்றாண்டு உழைத்து இருபத்திரண்டு பிரிவுடைய பெருநூல் ஒன்று இயற்றினர். அப்பழந்தெய்வங்களை வழிபட்ட காலத்தும் உரோமர் பேரிடர் பல உற்றமையை அதன்கண் எடுத்துக்காட்டினர். 1776-இல் கிப்பன் என்னும் ஆங்கிலர் உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய தமது நூலின் முதற்பகுதியை வெளியிட்டுக் கிறித்தவ சமயத்தின் பங்கினை ஆராய்ந்தபோது, மீண்டும் பூசல் மூண்டது. 1779-இல் அவர் தமக்கு மாறாக எழுதினார்க்கு மறுப்பு வெளியிட நேர்ந்தது. அதன்பின் இருநூறாண்டு கழிந்து, 1984-இல் செருமானிய வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் தேமாந்து என்பவர், உரோமாபுரியின் வீழ்ச்சிக்கு அறிஞர் கூறிய காரணங்களைத் தொகுத்தபோது, அவை 210 ஆயின! ஒவ்வொரு காலத்தாரும் தாந்தாம் அஞ்சியதனையே அப்பழைய இடிபாட்டுள் தேடி எடுத்தனர் என்பது இதனால் விளங்கவில்லையோ?

இனி நம் நாட்டில், நம் ஆலயத்தில் நிகழ்ந்ததொன்று கூறுதும். 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள், வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுகாறும் வெளியே நிறுத்தப்பட்டிருந்த வகுப்பினர் புகுந்து வழிபட்டனர். அந்நாளை, ‘தருமம் அழிந்த நாள்’ என்று வெகுண்டாரும் உளர். ‘தருமம் பிறந்த நாள்’ என்று கண்ணீர் சொரிந்தாரும் உளர். நாள் ஒன்றே, வாயில் ஒன்றே. வாயிலின் உட்புறம் நின்றவர்க்கு வீழ்ச்சியாகத் தோன்றியது வெளிப்புறம் நின்றவர்க்கு உய்தியாயிற்று. பண்டைக்காலம் நல்லது என்பாரை, ‘யார்க்கு நல்லது?’ என்று ஒருமுறை வினவுமின். அவ்வினாவிற்கு விடை கூறுமுன்னரே அவர் சினப்பாராயின், அவர் இழந்தது அறத்தையோ தமது ஆளுகையையோ என்பது வெளிப்படும். தம் இருக்கை ஓரங்குலம் தாழ்ந்ததனை உலகே தாழ்ந்ததாகக் கூறுவார்க்கு, மறுப்பவரெல்லாம் உலகப்பகைவராகவே தோன்றுவர். இப்பூசல்களின் வெம்மைக்கு வித்து இதுவே.

அற்றன்று; பண்டையோர் நல்லொழுக்கம் உடையர், இக்காலத்தார் அஃதிலர் என்பது கண்கூடன்றோ வெனின், கூறுதும். 2023-ஆம் ஆண்டில் மாஸ்திரோயானி, கில்பர்ட் என்னும் உளநூலார் இருவர் இது குறித்து விரிந்த ஆராய்ச்சியொன்று வெளியிட்டனர். அறுபது நாடுகளிலேனும் மக்கள் ஒழுக்கங் குறைந்துவருவதாகவே கூறுகின்றனர். எழுபதாண்டுகளாக அங்ஙனமே கூறிவருகின்றனர். ஆயினும், ‘இன்று உம்மைச் சூழ்ந்தவர் உம்மை எவ்வாறு நடத்துகின்றனர்?’ என்று ஆண்டுதோறும் வினவியவிடத்துக் கிடைத்த விடைகளோ பெரும்பாலும் மாறவில்லை. பழைய தீமையின் கசப்பு நினைவில் விரைந்து தேய்கின்றது. புதிய தீமையோ செய்தித்தாள் வாயிலாக நாடோறும் கண்முன் வருகின்றது. இவ்விரண்டானும் இம்மயக்கம் நேர்தல் கூடும் என்பது அவர் கருத்து. கண்கூடு என்று நாம் கருதியது காட்சியன்று; நினைவின் வழுவாதலும் உண்டென்க.

அங்ஙனமாயின், கேடு என்பதே இல்லை, எல்லாம் முதியோர் புலம்பலே என்பாரும் உளர். இவர் கூற்று முன்னையோர் கூற்றினும் தீது. என்னை? முன்னவர் இல்லாத நோயைக் கூறினும் நோயைப்பற்றிக் கவலுகின்றனர். இவரோ உள்ள நோயையும் மறைக்கின்றனர். சான்று ஒன்று காட்டுதும். 1991-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கில் நம் நாட்டில் எழுத்தறிந்தார் நூற்றுக்கு 52 பேர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர். இஃது ஏற்றமன்றென்று யாவர் கூறவல்லார்? அதே பத்தாண்டில், ஆறாண்டுக்குட்பட்ட ஆண்மக்கள் ஆயிரவர்க்குப் பெண்மக்கள் 945-இலிருந்து 927-ஆகக் குறைந்தனர். கருவிலேயே பெண்ணென்று கண்டு அழித்த கொடுமை இதற்குத் தலையாய காரணமாம். இது வீழ்ச்சியன்றென்று யாவர் கூறவல்லார்? ஏற்றமும் தாழ்வும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. எழுத்தறிந்த கையே இக்கொடுமைக்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டதும் உண்டு. ஒருவர் முதலெண்ணைப் பற்றிக்கொண்டு ‘உயர்ந்தோம்’ என்கின்றார். மற்றவர் இரண்டாமெண்ணைப் பற்றிக்கொண்டு ‘தாழ்ந்தோம்’ என்கின்றார். இருவர் கையிலும் உண்மையுண்டு. அவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குவார் இன்மையாற் பூசல் வளர்கின்றது. பிறவாத பெண்மகவுக்கோ இருவரும் துணையாகின்றிலர்.

குற்றவாளியைச் சுட்டாது திருத்தம் யாங்ஙனம் கைகூடும்? சினமின்றி அறம் நிலைபெறுமோ? எனின், இத்தடை வலியுடையதே. சினத்தை முற்றும் விலக்குதல் எமது கருத்தன்று. அடியுண்டவன், ‘இவன் என்னை இவ்விடத்து இவ்வாறு அடித்தான்’ என்று கூறுமிடத்து, அது வழக்காயினும் அளவைக்கு உட்பட்ட வழக்கு. செய்கை உண்டு, இடம் உண்டு, சான்று உண்டு. குற்றஞ் சாட்டப்பட்டவன் மறுத்தற்கும் வழியுண்டு. அவனை, ‘சினவாதே’ என்று அடக்குதல் கொடுமை. யாம் மறுப்பது, ‘அவ்வகுப்பார் கெடுத்தனர்’, ‘அத்தலைமுறை கெடுத்தது’, ‘அக்கொள்கையினர் கெடுத்தனர்’ என்னும் எல்லையிலா வழக்கினையே. அதற்குச் சான்று கூறுதலும் இயலாது, மறுப்புக் கூறுதலும் இயலாது. ஆகலின் குரலை உயர்த்தலொன்றே இரு திறத்தார்க்கும் எஞ்சி நிற்கின்றது.

முன்னர்க் காந்தியடிகளது வழுவைக் கூறினேம். அவர் மாட்டுக் கற்கவேண்டிய இரண்டனையும் கூறாதொழிதல் நடுநிலையன்று. இரவீந்திரர் எழுதிய மறுப்பினை அடிகள் மறைத்திலர். தமது ‘ஹரிஜன்’ இதழிலேயே 1934-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள் வெளியிட்டு, உடன் தம் விடையையும் வெளியிட்டனர். இருவரும் தத்தம் கொள்கையில் மாறிலர், நட்பும் குலைந்திலது. இது முதலாவது. அவ்வாண்டு சூன் திங்கள் 25-ஆம் நாள் புனேயில், அடிகளது குழுவினர் சென்ற மோட்டார் வண்டியின்மேல் வெடிகுண்டு எறியப்பட்டது, சிலர் புண்பட்டனர், அடிகள் உய்ந்தனர். அடுத்த திங்களில் ஆசுமீரில், கறுப்புக்கொடி பிடித்து அடிகளை எதிர்த்து வந்த வைதிகர் தலைவர் லால்நாத் என்பவரை, அடிகளைச் சார்ந்து நின்றோர் சிலர் தலையில் அடித்துக் காயப்படுத்தினர். தம்மேல் வந்த வெடிகுண்டைக் காட்டி எதிரிகளைப் பழித்தற்கு அடிகளுக்கு இடமிருந்தது. அவரோ, தம்மவர் கையால் எதிரியின் தலையில் நேர்ந்த காயத்தின்பொருட்டு, ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள் தொடங்கி ஏழுநாள் வார்தாவில் உண்ணாநோன்பு இருந்தனர். இது இரண்டாவது. திருநெல்வேலியில் அவர் கூறிய காரணத்தினும், வார்தாவில் அவர் இருந்த நோன்பே தீண்டாமைக்கு எதிரான பெருஞ்சான்றாயிற்று என்பது எமது துணிபு.

ஆகலின், அன்பர்காள்! ‘உலகங் கெட்டது’ என்று கூறப் புகுவீராயின், கூறுமின், தடுப்பேமல்லேம். கூறுமுன், கெட்டது இன்னதென்று பெயர் குறிமின். எவ்வாண்டோடு ஒப்பிட்டீரென்று கூறுமின். அவ்வாண்டில் உம் வீட்டு வாயிலுக்கு வெளியே நின்றவர்க்கு அக்காலம் எவ்வாறிருந்தது என்பதனையும் உடன் கூறுமின். பின்னர்க் கெடுத்தார் பெயர்களை எழுதுமின். அவ்வேட்டின் முதல்வரியில் உம் பங்கினை எழுதி, அதன்கீழ் ஏனையோர் பங்கினை எழுதுமின். அங்ஙனம் எழுதத் தொடங்கினார் பேசுமிடத்துக் கேட்பவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவேண்டிய அச்சம் இராது. அச்சமிலாதவிடத்துச் செவி திறக்கும். எழுதுதற்கு மனம் ஒருப்படாதார், தாம் நாட்டைப் பற்றிப் பேசுகின்றோம் என்று கூறற்க. நாட்டின் பெயரால் அயலானோடு பூசலிடுகின்றோம் என்றே கூறுக. அது கேட்டேனும் நோயாளியின் கட்டிலருகே சிறிது அமைதி பிறக்கும். மருந்து தேடப் போவார்க்கு வழியும் விடப்படும்.