எண்ணெய் கூட வேண்டுமானால் பெரிய வாலைதான் வேண்டுமா?

வாலை என்பது தாம்பரம் வட்டாரத்துக்குப் புதிய சொல் அல்ல. சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் கற்பிக்கும் மருத்துவத்தில், தீநீர் என்பதே வாலையில் வடித்தெடுப்பதுதான். ஓமத் தீநீர் தெரியாத பாட்டி உண்டா?

மனைகளாகப் போனது போக, படப்பை, மணிமங்கலம் பக்கம் மிஞ்சிய நிலத்தில் எலுமிச்சைப் புல் போட்டு, கொல்லையிலேயே எண்ணெய் வடிக்க நினைப்போர் முதலில் கேட்பது, "இன்னும் பெரிய வாலை எங்கே கிடைக்கும்?" என்பதே. கேள்வியே தவறு.

100 கிலோ பச்சைப் புல்லில் சுமார் 300 முதல் 500 கிராம் எண்ணெய் உண்டு. அதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதல்லவா கணக்கு? வடிக்கும்போது கொட்டகை முழுக்கக் கமகமவென்று மணந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. காசு காற்றோடு போகிறது. குளிர்விக்கும் தொட்டியின் நீர் சூடேறிவிட்டால் ஆவி முழுதும் படியாது. குளிர்ந்த நீர் தொட்டியின் அடியில் புகுந்து, சூடான நீர் மேலே வழிந்தோட வேண்டும். வடிநீர் கைபொறுக்கும் சூட்டுக்குமேல் இருந்தால் தீயைக் குறைப்பதே வழி. வழிந்த நீரை ஆறவிட்டுத் தென்னைக்கு விடலாம். கோடையில் கிணறு வற்றும் இப்பகுதியில் அதுவும் ஒரு லாபம்.

அறுத்த புல்லை நிழலில் ஒரு நாள் வாட விட்டால் அதே வாலையில் கூடுதலாகக் கொள்ளும். வெயிலில் போட்டால் எண்ணெய் குறையும். புல்லை நறுக்கி, சந்து விடாமல் சீராக அடைக்க வேண்டும். சந்து இருந்தால் ஆவி அதன் வழியே ஓடிவிடும். புல் தண்ணீரில் முங்காமல், துளைத்தட்டின் மேல் நிற்பது அவசியம். எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் நீரிலும் கொஞ்சம் எண்ணெய் உண்டு. அதை அடுத்த ஈட்டுக்கு வாலையிலேயே ஊற்றலாம். சக்கையைக் காயவைத்தால் விறகுச் செலவும் குறையும்.

(இதே வாலையில் சாராயம் காய்ச்சுவது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்த ஆசை வேண்டாம்.)

ஒவ்வோர் ஈட்டிலும் புல்லின் எடை, எண்ணெயின் எடை இரண்டையும் நோட்டில் குறித்து வர வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் அறுத்த புல் வாலைக்காகக் காத்துக் கிடந்தால் மட்டும் கடனுக்குப் போகலாம். அப்போதும் ஒருவரே சுமக்காமல், பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குவது நல்லது.