தகப்பன் மறைத்த சரித்திரம்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் இன்று ஏராளமான பேர் தங்கள் பாட்டன், முப்பாட்டனைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள். எந்த ஊரை விட்டுக் கிளம்பினான், எந்தக் கப்பலில் ஏறினான், எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டுகிறார்கள். இதற்கென்றே கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. சந்தா கட்டினால் தாத்தாவின் பெயரைத் தேடித் தருவார்கள். உயிரோடு இருந்தபோது உழைப்பைப் பிழிந்தது போதாதென்று, செத்த பிறகு கூலிக்காரனின் பெயரையும் முதலாளி சரக்காக்கிவிட்டான்!

“இது வேலையற்றவன் பொழுதுபோக்கு; நமக்கென்ன?” என்று மில்லில் ஷிப்டு முடிந்து வரும் தோழர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சீமான்களும் பிரபுக்களும்தானே வம்ச விருட்சம் எழுதி வைப்பார்கள்? களையெடுத்தவனுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் ஏது வம்ச சரித்திரம்? ஆனால் இங்கிலாந்தின் ஒரு சிறு கிராமத்திலிருந்து கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த ஐந்து பேருடைய கதையைப் படித்த பிறகு நம் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தக் கிராமத்தின் பெயர் டோல்புடில். டார்செட் ஜில்லாவில் இருக்கிறது. 1830-களின் தொடக்கத்தில் அங்கே விவசாயக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங். பண்ணை முதலாளிகள் அதை 8 ஆகக் குறைத்தார்கள். பிறகு 7 ஆக்கினார்கள். இனி 6 தான் என்று பயமுறுத்தினார்கள். முன்பு ஒரு முறை, பக்கத்துப் பகுதிகளில் கொடுக்கும் கூலியைத் தருகிறோம் என்று முதலாளிகள் வாக்குக் கொடுத்தபோது ஊர்ப் பாதிரியாரே சாட்சியாக நின்றார். வாக்கு மீறப்பட்டபோது, “அப்படி எதுவும் நான் சொல்லவில்லை” என்றுவிட்டார் அந்தத் தேவ ஊழியர்! பஞ்சாயத்தில் ஒப்புக்கொண்டு வரப்பில் மறுக்கும் மிராசுதாரை நம் தோழர்களுக்குத் தெரியாதா என்ன?

1833-ல் அந்தத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். முன்னின்றவர் ஜார்ஜ் லவ்லெஸ். ஏர் பிடிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர். சங்கத்தில் சேருகிறவனின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தின் முன் நிறுத்தி, சங்க விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். அந்த நாளில் பல சங்கங்களில் இந்த வழக்கம் இருந்தது. சங்கம் வைப்பது அப்போது சட்டப்படி குற்றம் அல்ல. தடைச் சட்டத்தை 1824-லேயே ரத்து செய்திருந்தார்கள். அதனால் என்ன? ஆளும் வர்க்கத்துக்குச் சட்டப் புத்தகத்தில் வேறு பக்கமே இல்லாமல் போய்விடுமா? கப்பற்படைக் கலகத்தை அடக்க 1797-ல் போட்ட ரகசிய சத்தியத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

1834 பிப்ரவரி 24 அன்று ஆறு பேர் கைதானார்கள்: ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்டு, தாமஸின் மகன் ஜான், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட். ஹாமெட் அந்தச் சத்தியக் கூட்டத்தில் இருக்கவே இல்லை, தன் சகோதரனுக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போனார் என்று சொல்கிறார்கள். டார்செஸ்டர் கோர்ட்டில் மார்ச் மாதம் விசாரணை நடந்தது. வழக்கை எடுத்துக் கொள்ளலாமா என்று முடிவு செய்த பெரிய ஜூரியின் தலைவர் யார் தெரியுமோ? உள்நாட்டு மந்திரி மெல்போர்ன் பிரபுவின் மைத்துனர்! ஏழு வருஷம் நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. ஜார்ஜை வான் டீமன் தீவுக்கு அனுப்பினார்கள். மற்ற ஐவரை நியூ சவுத் வேல்ஸுக்கு. வீட்டில் தவித்த பெண்டு பிள்ளைகள் கிராமத்து ஏழை நிவாரணம் கேட்டபோது, சங்கத்தான் குடும்பத்துக்கு ஒரு காசு கிடையாது என்று மாஜிஸ்திரேட்டாக இருந்த நிலப்பிரபு கைவிரித்தார்.

லண்டன் தொழிலாளி வர்க்கம் சும்மா இருக்கவில்லை. 1834 ஏப்ரல் 21 அன்று கோப்பன்ஹேகன் திடலிலிருந்து பதினாயிரக்கணக்கில் ஊர்வலம் கிளம்பியது. இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்திட்ட மனு போயிற்று. 1836-ல் சர்க்கார் மன்னிப்பு வழங்கியது. 1837 முதல் 1839-க்குள் ஆறு பேரும் தாய்நாடு திரும்பினார்கள். ஜார்ஜ் திரும்பி வந்ததும் தனக்கு நேர்ந்த அநியாயத்தைப் புத்தகமாக எழுதி அச்சிட்டார்.

இனிமேல்தான் நம் விஷயம் வருகிறது. இயக்கம் திரட்டிய நிதியில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் குத்தகைப் பண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். ஹாமெட் தவிர மற்ற ஐந்து பேரும் அங்கே குடியேறினார்கள். போன இடத்தில் சும்மா இருந்தார்களா? சாசன இயக்கத்தின் கிளை ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள்! அங்குள்ள பாதிரியாருக்கும் நிலப்பிரபுக்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. குத்தகைக் காலம் முடிந்தது. 1840-களில் ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குக் கப்பலேறி, மேற்குப் பகுதியில் லண்டன் என்றே பெயர் கொண்ட ஊரின் பக்கம் நிலம் பிடித்து வாழ்ந்தன. ஜேம்ஸ் லவ்லெஸ் கோயில் ஊழியரானார். ஜான் ஸ்டான்ட்ஃபீல்டு ஹோட்டல் வைத்தார். பிற்காலத்தில் கிழக்கு லண்டன் என்ற ஊருக்கு மேயராகவும் இருந்தார். ஜார்ஜ் 1874-ல் அங்கேயே மண்ணுக்குள் போனார்.

பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள்? ஒன்றும் சொல்லவில்லை. பழைய கதையைப் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அங்கே வளர்ந்த சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன் விலங்கு மாட்டிக் கப்பலில் போனவன் என்பதே தெரியாது. ஒரு தேசத்தையே குலுக்கிய மனிதர், அதைப் புத்தகமாகப் போட்ட மனிதர், சொந்த வீட்டில் வாயைக் கட்டிக் கொண்டார். இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் ஏடுகளைப் புரட்டியவர்கள்தான் கனடா விவசாயி லவ்லெஸும் டார்செட் கைதி லவ்லெஸும் ஒரே ஆள் என்று குடும்பத்தாருக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஏன் சொல்லவில்லை? கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கைதி என்ற முத்திரை பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கியவன் யார்? கைதிகள் மட்டுமா மறைத்தார்கள்! வான் டீமன் தீவே 1856-ல் தன் பெயரை டாஸ்மேனியா என்று மாற்றிக் கொண்டது, கைதித் தீவு என்ற வாடை போக வேண்டும் என்று. கூலி கேட்டவனைக் குற்றவாளி என்று எழுதியது சர்க்கார். அந்த எழுத்துக்கு வெட்கப்பட்டது தொழிலாளி குடும்பம். வெட்கம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

தேடுகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் கிடைக்கிறது. சுதந்திர மனிதனாக டிக்கெட் வாங்கிக் கனடாவுக்குப் போனவனைப் பற்றிக் கப்பல் ஏட்டில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். 1865-க்கு முன் கியூபெக் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பட்டியல் முறையாக வைக்கப்படவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு விலங்கோடு போனவன் எத்தனை அடி உயரம், கண் என்ன நிறம், எங்கே தழும்பு, எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன தொழில், என்ன குற்றம் என்று அத்தனையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏடுகளை 2007-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக நினைவுப் பதிவேட்டிலேயே சேர்த்தது. தொழிலாளியின் முகத்தைப் போலீஸ்காரன்தான் உற்றுப் பார்த்திருக்கிறான்!

அந்த ஏடுகளை வைத்துத்தான் ஹாப்ஸ்பாமும் ரூடேயும் 1830-ம் ஆண்டுக் கலகக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த விவசாயத் தொழிலாளர்கள் அவர்கள். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். 481 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். 1969-ல் வந்த அவர்கள் புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. பிரபுவின் வம்ச விருட்சம் எழுதுவது ஒரு வேலை. இது வேறு வேலை.

வம்சம் தேடும் கம்பெனிகள் நமக்குக் காட்டுவது இந்த வேலையை அல்ல. “உங்கள் முன்னோர் துணிச்சலான முன்னோடிகள், காட்டை வெட்டி நாட்டை உண்டாக்கினார்கள்” என்று படம் போட்டு விற்கிறார்கள். துணிச்சலாம்! வயிறு காய்ந்து கிளம்பியவனுக்கு அலங்காரப் பெயர். 1834 ஏழைச் சட்டம், ஏழைகளைக் காலனிக்கு அனுப்பும் செலவுக்காகக் கடன் வாங்கக் கிராமங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. உள்ளூரில் கஞ்சி ஊற்றுவதைவிட ஒரேயடியாகக் கடல் தாண்டி அனுப்புவது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். சஸெக்ஸ் ஜில்லாவில் பெட்வொர்த் பிரபு ஒருவரின் ஆதரவில் 1832 முதல் 1837 வரை சுமார் 1,800 பேர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை அச்சிட்டு, இன்னும் ஆள் சேர்க்க விளம்பரமாக்கினார்கள். இன்று பேரன்மார் அந்தக் கடிதங்களைப் பொக்கிஷமாகப் படிக்கிறார்கள். படிக்கட்டும், ஆனால் எந்தக் கடிதம் அச்சுக்குப் போயிற்று, எது போகவில்லை என்று கேட்டுக் கொண்டே படிக்க வேண்டும்.

காலனியில் நிலம் சும்மா கிடக்கிறதே, கூலிக்காரன் எல்லோரும் விவசாயி ஆகிவிட்டால் முதலாளிக்கு யார் வேலை செய்வது? இந்தக் கவலையில் வேக்ஃபீல்டு என்பவர் ஒரு தத்துவமே கண்டுபிடித்தார். நிலத்துக்குச் செயற்கையாக அதிக விலை வை. கூலிக்காரன் பல வருஷம் உழைத்துப் பணம் சேர்த்தால்தான் வாங்க முடியட்டும். அந்த விலைப் பணத்தில் இன்னும் கூலிகளை இறக்கு. தெற்கு ஆஸ்திரேலியாக் குடியேற்றம் 1836-ல் இந்தத் திட்டத்தில்தான் தொடங்கியது. மார்க்ஸ் மூலதனம் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தையே இவருக்கு ஒதுக்கி, பீல் என்ற கனவானின் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பணம், சாமான், ஆட்கள் எல்லாம் கொண்டுபோன கனவானுக்கு, இறங்கிய பிறகு படுக்கை விரிக்கக்கூட ஆள் மிஞ்சவில்லை. எல்லோரும் பிரிந்து போய்விட்டார்கள். இங்கிலாந்தின் உற்பத்தி உறவுகளைக் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார் பாவம்!

நிலம் சும்மா கிடந்தது என்று சொன்னோமே, அதுவும் வெள்ளைக்காரன் எழுதிய வாசகம். லவ்லெஸ் குடும்பம் உழுத பகுதி, 1796-ல் சிப்பெவா மக்களிடமிருந்து பிரிட்டிஷ் சர்க்கார் எழுதி வாங்கிய நிலத்தைச் சேர்ந்தது. டாஸ்மேனியாவின் பூர்வ குடிகளைத் துப்பாக்கியால் விரட்டி, மிஞ்சியவர்களைத் தீவு ஒன்றில் ஒதுக்கிய பிறகுதான் அங்கே ஜார்ஜின் கையில் மண்வெட்டி கொடுத்தார்கள். ஒரு ஊரில் நிலமில்லாமல் துரத்தப்பட்டவன் இன்னொருவன் நிலத்தில் கொண்டுபோய் நடப்பட்டான். முன்னோரைத் தேடுகிறவர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தால் அது பாதிச் சரித்திரம்.

இதே போன்ற தேடல் நம்மவர் மத்தியிலும் நடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர் ஒன்றரை லட்சம். ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர் என்று ஏட்டில் ஏற்றினார்கள். அந்த நம்பரைப் பிடித்துக் கொண்டு இன்று டர்பனிலிருந்து பேரப் பிள்ளைகள் நம் ஊர்களைத் தேடி வருகிறார்கள். துரைமார் கணக்குப் பார்க்க எழுதிய ஏடு, துரைமார் நினைக்காத காரியத்துக்குப் பயன்படுகிறது.

கடல் தாண்டாமல் இங்கேயே இருந்தவர்கள் கதை என்ன? மெம்பர்ஷிப் புதுப்பிக்க வீடு வீடாகப் போகிறபோது நாம் பார்க்கிறோம். கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் தலைமறைவாக இருந்தவர், அடிபட்டவர், ஜெயிலில் கிடந்தவர் வாழ்ந்த வீடு. பேரனிடம் கேட்டால், “தாத்தா ஏதோ கேஸில் மாட்டினாராம், எங்க அப்பா அதைப் பத்திப் பேச மாட்டார்” என்கிறான். பெண் கொடுக்க மாட்டார்கள், உத்தியோகம் கிடைக்காது என்று மறைத்திருக்கிறார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் ஜெயிலில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் கிளைகளில் எத்தனை பேருக்கு அந்த 22 பெயரும் தெரியும்? கனடாக்காரர்களைக் குறை சொல்லும் முன் இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

ஊரிலேயே தங்கிவிட்ட ஹாமெட் கதையையும் சொல்லிவிடுகிறோம். அவரும் அதிகம் பேசியவர் அல்ல. புதிதாக எழுந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் 1875-ல் அவரைத் தேடிப் பிடித்து ஒரு கடிகாரம் பரிசளித்தது. 1891-ல், கண் தெரியாத கிழவராக, டார்செஸ்டர் ஏழை விடுதியில் செத்தார். கல்லறைக்கு ஒரு கல் நட 1934 ஆயிற்று. அந்த வருஷம் தொழிற்சங்கக் காங்கிரஸ் டோல்புடிலில் ஆறு பேர் நினைவாக ஆறு வீடுகள் கட்டியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் சங்கக் கொடிகளோடு அங்கே ஊர்வலம் போகிறது. மறைக்கப்பட்ட சரித்திரத்தைக் கம்பெனி மீட்கவில்லை, சங்கம் மீட்டது.

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கோடு போடுங்கள். தோழரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், அன்றைக்கு வாங்கிய கூலி, கேட்ட கூலி, எந்தப் போராட்டம், எத்தனை நாள் ஜெயில், எந்த ஜெயில். கடைசியில் இன்னும் ஒரு பத்தி விடுங்கள்: அவர் உள்ளே இருந்த நாட்களில் வீட்டில் அடுப்பெரித்தவள் பெயர், என்ன வேலை செய்து எரித்தாள் என்ற விவரம். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள்.