அசையாமல் நின்றும் கதை சொல்லலாம்

தமிழ் மொழித் தினப் போட்டி நெருங்கினால் பாடசாலைகளில் நாடகத்துக்கு ஆள் தேடும் படலம் தொடங்கிவிடும். நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் ஒப்புவிப்பவளுக்குக் கதாநாயகி வேடம். குரல் உயராதவளுக்குத் திரை இழுக்கும் வேலை. நாடகம் என்றால் உரத்த குரல்தான் என்று யார் முடிவு செய்தார்கள்? நாடகமும் அரங்கியலும் பாடத்தை விரும்பித் தெரிவு செய்த மாணவி என்ற வகையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. வகுப்பில் நாங்கள் செய்யும் உறைநிலைக் காட்சிகளே அதற்குக் காரணம்.

உறைநிலைக் காட்சி பெரிய வித்தையல்ல. நாலைந்து பேர் சேர்ந்து கதையின் ஒரு கணத்தைத் தெரிவு செய்து, அதில் அப்படியே உறைந்து நிற்பதுதான். யார் நிற்கிறார், யார் குந்தியிருக்கிறார், இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம், கண் எங்கே பார்க்கிறது என்பவையே பேச வேண்டும். மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்தால் கதை நகர்ந்துவிடும். பிறகு ஆசிரியை ஒருத்தியின் தோளைத் தொடுவார். அவள் தன் பாத்திரத்தின் மனதில் ஓடுவதை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973இல் பெரு நாட்டில் ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றினார். அங்கு வந்தவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி தாய்மொழியல்ல. ஆகவே பேச்சை ஒதுக்கிவிட்டு, உடல்களால் ஒரு படம் அமைத்துக் காட்டச் சொன்னார். பார்ப்பவரும் எழுந்து வந்து அந்தப் படத்தை மாற்றலாம். இந்த இரண்டாவது விடயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்ற தவணை எங்கள் குழு எடுத்துக்கொண்டது 1990 ஒக்டோபர். வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட காலம். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் 2 மணித்தியாலம். எங்களில் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. இதை வசன நாடகமாக்கியிருந்தால் ஒப்பாரி வைத்தே முடித்திருப்போம், சந்தேகமில்லை.

முதற்படத்தில் அடுப்படி. உம்மா சோறு வடிக்கிறார், வாப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார், பிள்ளை கொப்பி எழுதுகிறது. இரண்டாவதில் வாசல். வாப்பா கதவைப் பூட்டுகிறார். உம்மாவின் கை பிள்ளையைப் பிடித்திருக்கிறது, பார்வை மட்டும் கிணற்றடியில். பிள்ளை பார்ப்பது கூட்டிலிருக்கும் கோழியை. மூன்றாவது, பத்து வருடங்களின் பின் புத்தளத்தில் ஓர் ஓலைக் குடிசை. வாப்பாவின் கையில் அதே திறப்பு. பக்கத்தில் அங்கேயே பிறந்த இன்னொரு பிள்ளை, மூலையில் உம்மம்மா.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால்கூடத் தலை நிமிராதவள். அவளுடைய குடும்பம் புத்தளம் முகாமில் இருந்து வந்தது என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. வாப்பாவின் கையிலிருந்த திறப்பை எடுத்து உம்மம்மாவின் மடியில் வைத்தாள். திறப்பையே பார்த்திருந்த பிள்ளையின் முகத்தை வெளியே, விளையாடும் பக்கம் திருப்பிவிட்டாள். அவ்வளவுதான். போய் இருந்துவிட்டாள். ஆசிரியை பிள்ளையின் தோளைத் தொட்டார். "உம்மம்மா, இது எந்தக் கதவுட தெறப்பு?" என்றாள் அந்த வேடத்தில் நின்ற தோழி. வகுப்பு நெடுநேரம் பேசாமல் இருந்தது.

வசன நாடகத்தில் அந்த மாணவி எங்கே இருந்திருப்பாள்? திரைச்சீலைக்குப் பின்னால்.

ஆடலில்லை, பாடலில்லை, ஆதலால் பெண்பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று சிலர் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள்தான், ஆனாலும் அந்தக் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்களை அடக்கமாக நிறுத்திவைக்க வந்த வடிவமல்ல இது. ஐந்து விநாடி கண் சிமிட்டாமல் நின்று ஒரு சபையையே தன் பக்கம் பார்க்க வைப்பவள் அடங்கிப்போனவளா? இன்னும் சிலர் இதை நேரம் போக்கும் விளையாட்டு என்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை நின்று பார்க்கட்டும். முழங்கால் பதில் சொல்லும்.

குறை இல்லாமலில்லை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் குடிகாரக் கணவன், ஓங்கிய கை, அழும் மனைவி, கடைசியில் எல்லோரும் கைகோர்த்துச் சிரிக்கும் படம் என்று வந்து நிற்பவர்களைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கடைசிப் படத்தை ஒரு தவணைக்காவது தடை செய்யலாம். எங்கள் வீடுகளில் யார் முதலில் சாப்பிடுகிறார், வளைகுடாவுக்கு வேலைக்குப் போன உம்மாவின் அழைப்பு வரும்போது தொலைபேசி யார் கையில் இருக்கிறது என்பவையெல்லாம் படமாகக் காத்திருக்கின்றன.

வரும் கலைவிழாவில் எங்களுக்கு 10 நிமிடம் கேட்டிருக்கிறோம். ஒலிவாங்கி வேண்டாம். சபையிலிருந்து எழுந்து வந்து படத்தை மாற்ற விரும்புகிறவர்களுக்காக மேடைப் படியில் ஒரு விளக்கு மட்டும் வேண்டும்.