நூல் வெளியீட்டுக்கு முன் ஒரு படி: எடிட்டரின் கையில் கைப்பிரதி

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. வார இறுதியில் ஒரு பள்ளி மண்டபம், மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், ஏற்புரை என யாவும் முறைப்படி நடந்தேறுகின்றன. வந்தவர்கள் அன்பளிப்பு உறையைக் கொடுத்து நூலைப் பெற்றுச் செல்கின்றனர். அதன் பின் நடப்பது என்ன? நூல் வரவேற்பறையின் கண்ணாடி அலமாரியில் அமர்ந்துவிடுகிறது. எஞ்சிய பிரதிகள் ஆசிரியர் வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாக உறங்குகின்றன. எந்தப் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று அது எழுதப்பட்டதோ, அந்தப் பிள்ளைகளே பத்துப் பக்கங்களைத் தாண்டுவதில்லை என்பது பல இல்லங்களில் கண்கூடு.

இதற்குப் பிள்ளைகளின் தமிழறிவுக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. அது ஓரளவு உண்மையும்கூட. ஆயினும், தமிழை நன்கறிந்த பெரியவர்களும் அந்நூல்களைப் பாதியில் மூடிவைப்பது ஏன்? எழுதியவரின் மேசையிலிருந்து நேரே அச்சகத்துக்குச் செல்லும் வழக்கமே இதற்கு முதற்காரணம் எனலாம். இடையில் இருக்க வேண்டிய ஒரு படி விடுபட்டுப் போகிறது. கைப்பிரதியை முழுமையாகப் படித்து, அதன் அமைப்பைக் குறித்து ஆசிரியரோடு அமர்ந்து பேசும் எடிட்டரின் பணியே அது.

எடிட்டர் என்பவர் யார்?

பதிப்பாசிரியர் என்றதும் தமிழருக்கு உ.வே.சாமிநாதையரும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் நினைவுக்கு வருவர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை மீட்டுத் தந்த பெரியோர் அவர்கள். 1887இல் சீவக சிந்தாமணியும் கலித்தொகையும் அச்சேறியது அவர்களது உழைப்பினால். இங்கே பேசப்படும் எடிட்டரின் பணி வேறு. எழுத்தாளர் இன்னும் எழுதி முடிக்காத, அல்லது முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் கைப்பிரதியைச் செப்பனிட உதவுபவர் இவர். ஆங்கிலப் பதிப்புலகம் இவரை டெவலப்மெண்டல் எடிட்டர் என்றழைக்கிறது.

அப்பதிப்புலகில் ஒரு கைப்பிரதி பொதுவாக நான்கு நிலைகளைக் கடக்கிறது. முதலாவது, நூலின் அமைப்பைச் சீர்செய்வது. அடுத்தது, வாக்கியங்களின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்துவது. மூன்றாவது, இலக்கணம், பெயர்கள், தகவல்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது. இறுதியானது, அச்சுக்கோத்த பின் மெய்ப்புத் திருத்துவது. இந்த வரிசைக்குத் தெளிவான காரணம் உண்டு. நாளை நீக்கப்படவிருக்கும் ஓர் அத்தியாயத்தில் இன்று ஒற்றுப்பிழை திருத்துவது வீண்வேலை. தமிழ்ச் சூழலிலோ கைப்பிரதியைத் திருத்துவது என்றாலே மெய்ப்புத் திருத்தம் என்றே பலர் கருதுகின்றனர். நான்காம் நிலையை மட்டும் செய்துவிட்டு, முதல் மூன்றும் முடிந்துவிட்டதாக நிறைவடைகின்றனர்.

ஹார்ப்பர் லீயும் டே ஹோஹாஃபும்

முதல் நிலையின் பயனை விளக்க அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் அனுபவமே போதுமானது. அலபாமா மாநிலத்தின் மன்றோவில் என்னும் சிற்றூரில் 1926இல் பிறந்த அவர், 1949இல் நியூயார்க் சென்று, விமான நிறுவனங்களில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் பணியில் இருந்தார். 1956ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் நண்பர்களான ஒரு தம்பதியர், ஓராண்டு வேலைக்குச் செல்லாமல் எழுதுவதற்கான பணத்தை அவருக்குப் பரிசளித்தனர். அந்த ஆதரவோடு எழுதப்பட்ட 'கோ செட் எ வாட்ச்மேன்' என்னும் கைப்பிரதி 1957இல் லிப்பின்காட் பதிப்பகத்தை அடைந்தது. அங்கே அதைப் பொறுப்பேற்றவர் டே ஹோஹாஃப் என்னும் மூத்த எடிட்டர்.

நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும் 26 வயதுப் பெண் ஒருத்தி, தான் தெய்வமாக மதித்த வழக்கறிஞர் தந்தை, கறுப்பின மக்களின் சம உரிமையை எதிர்ப்போரின் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு மனமுடைகிறாள். இதுவே அக்கைப்பிரதியின் கதை. இடையிடையே அவளது குழந்தைப் பருவ நினைவுகள் வந்து போகின்றன. முழுமையான நாவலாகத் திரளாமல், தனித்தனி நிகழ்ச்சிகளாகவே அது நிற்பதாக ஹோஹாஃப் கருதினார். எனினும் எழுதியவரின் ஆற்றலை அவர் ஐயுறவில்லை. குழந்தைப் பருவப் பகுதிகளில் அவர் உயிர்த்துடிப்பைக் கண்டார். அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவலை எழுதும்படி ஹோஹாஃப் தம்மை இணங்க வைத்ததாக, 2015இல் வெளியிட்ட அறிக்கையில் லீயே கூறியிருக்கிறார்.

அதன் பின் இரண்டாண்டுகளுக்கும் மேலாக லீ திரும்பத் திரும்ப எழுதினார். ஓர் இரவு மனம் வெறுத்து, எழுதிய தாள்களை அவர் சன்னல் வழியே பனியில் எறிந்துவிட்டதாகவும், தொலைபேசியில் அழுத அவரிடம், உடனே போய்ப் பொறுக்கி எடுக்கும்படி ஹோஹாஃப் கூறியதாகவும் லீயின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1960 ஜூலையில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது. 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. இதுவரை 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியிருக்கின்றன.

பழைய கைப்பிரதியும் 2015இல் நூலாக வெளியானதால், இரண்டையும் இன்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழையதில், ஒரு கறுப்பின இளைஞருக்காகத் தந்தை வாதாடிய வழக்கு போகிற போக்கில் சொல்லப்படுகிறது. அந்த இளைஞர் விடுதலையும் பெறுகிறார். புதியதில் அவ்வழக்கே நூலின் முதுகெலும்பு, குற்றமற்றவர் தண்டிக்கப்படுகிறார். நூலின் உயிர்நாடி ஆசிரியரின் கையிலேயே இருந்தது. ஆனால் அது சில பத்திகளுக்குள் புதைந்து கிடந்தது. கதையை எந்தக் கண்களால் பார்க்க வேண்டும் என்பதை ஹோஹாஃப் சுட்டினார். அந்தக் கண்களால் பார்த்து, அந்த வழக்கை எழுதியவர் லீ.

தமிழ் மரபுக்கு இது புதிதா?

பிறர் குறை சொல்லக் கேட்டுத் திருத்துவது தமிழ் மரபுக்கு அயலானதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. கேள்வி கேட்கவல்ல ஒருவரின் செவியைக் கடந்தே நூல் உலகுக்குச் சென்றது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரையறுக்கிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியன அவற்றுள் சில. இன்றைய எடிட்டர் ஒருவர் எழுதும் கடிதத்தில் காணப்படும் குறைகளும் ஏறத்தாழ இவையே. சொன்னதையே மூன்று அத்தியாயங்களில் சொல்வதும், தொடங்கிய வேகம் நடுவில் தேய்ந்து போவதும் எந்த மொழி எழுத்தாளருக்கும் பொதுவான குற்றங்கள்.

அண்மைக் காலத்தில் இப்பணியைத் தமிழில் பிடிவாதமாகச் செய்து காட்டியவர் க்ரியா எஸ்.ராமகிருஷ்ணன். 1974இல் சென்னையில் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, 2020இல் மறையும் வரை, செம்மையாக்கம் இன்றி நூல் இல்லை என்னும் கொள்கையில் அவர் நின்றார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வெளிவந்தது அப்பதிப்பகத்தின் வழியாகத்தான். ஆயினும், இது இன்னும் தமிழ்ப் பதிப்புலகின் பொதுவழக்கம் ஆகவில்லை.

எடிட்டர் என்ன கேட்பார்?

எடுத்துக்காட்டாக, ஒரு தந்தை தம் வாழ்க்கையை 400 பக்கங்களில் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். பாட்டனாரின் வம்ச வரலாற்றில் தொடங்கி, படித்த பள்ளி, பெற்ற பரிசுகள் என வளர்ந்து, அவர் ஊரைவிட்டுப் புறப்படும் இரவு 210ஆம் பக்கத்தில்தான் வருகிறது. எடிட்டர் முதலில் கேட்கும் கேள்வி, "இதை யார் படிக்க வேண்டுமென்று விரும்புகிறீர்கள்?" என்பதாகவே இருக்கும். "என் பேரப்பிள்ளைகள்" என்பது விடையானால், அடுத்த கேள்வி வரும். "ஊரையே பார்த்திராத பேத்தி, 209 பக்கங்கள் பொறுத்திருப்பாளா?" பின்னர், "அந்த இரவில் உங்கள் தாயார் என்ன சொன்னார்? ஏன் அது ஒரே வரியில் முடிந்துவிட்டது?" என்பார். இந்த மூன்றாம் கேள்விக்கு விடை எழுதும்போதுதான் நூல் பிறக்கும். விழாவில் வாழ்த்துரை வழங்கும் நண்பர் எவரும் இதைக் கேட்பதில்லை. அன்பு அவரைத் தடுக்கிறது.

மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழர் ஏராளம். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பாராமல் எந்தப் பொறுப்புள்ள நிறுவனமும் வாடிக்கையாளருக்கு அனுப்புவதில்லை. அதை எவரும் அவமானமாகக் கருதுவதுமில்லை. வடிவமைப்பில் உள்ள பிழையைத் தொடக்கத்திலேயே கண்டால் செலவு குறைவு என்பதும் அவர்கள் நன்கறிந்ததே. அலுவலகத்தில் நாள்தோறும் ஏற்கும் இந்த ஒழுங்கை, வாழ்நாளில் ஒருமுறை எழுதும் நூலுக்கு மட்டும் மறுப்பது முரண்பாடன்றோ?

எல்லை மீறினால்?

எடிட்டர் சொல்வதெல்லாம் வேதமன்று. சிறுகதை ஆசிரியர் ரேமண்ட் கார்வரின் அனுபவம் இதற்குச் சான்று. 1981இல் வெளிவந்த அவரது தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டிக் குறைத்தார். சில கதைகளின் முடிவுகளையும் மாற்றினார். அச்சிடுவதை நிறுத்தும்படி 1980 ஜூலையில் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதியும் பயனில்லை. நூல் புகழ்பெற்றது, ஆனால் அது எவருடைய நூல் என்னும் கேள்வி அவரை விடவில்லை. வெட்டப்பட்ட ஒரு கதையை அவர் 1983இல் தம் விருப்பப்படி விரிவாக வெளியிட்டார். மூலக் கைப்பிரதி, அவர் மறைந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பின் 2009இல், 'பிகினர்ஸ்' என்னும் பெயரில் தனிநூலாக வந்தது.

புலம்பெயர்ந்தோரின் கைப்பிரதிகளுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. தமிழ் வாழ்வை அறியாத எடிட்டர் ஒருவர், மாமி என்பவர் யார், புட்டு என்பது என்ன என்று வரிக்கு வரி விளக்கம் கேட்கக்கூடும். அன்றாட வாழ்வைக் குறைத்து, துயரக் காட்சிகளைக் கூட்டும்படியும் சொல்லக்கூடும். அவர் தடுமாறிய இடம் உண்மையானது. அங்கே கவனம் தேவை. அதற்கு அவர் கூறும் தீர்வை ஏற்பதா என்பது ஆசிரியரின் உரிமை. பாட்டியின் அத்தியாயத்தை நீக்கச் சொன்னால், அதை முன்னுக்குக் கொண்டுவருவதே சரியான தீர்வாக இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

முதலில், எழுதி முடித்த கைப்பிரதியைச் சில வாரங்கள் ஒதுக்கிவைத்து, தாமே ஒருமுறை திருத்துவது நன்று. அதன் பின், அவ்வகை நூல்களில் பழகிய எடிட்டரைத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அமெரிக்காவின் எடிட்டோரியல் ஃப்ரீலான்சர்ஸ் அசோசியேஷன், கனடாவின் எடிட்டர்ஸ் கனடா போன்ற அமைப்புகளின் பட்டியல்கள் உதவும். அவர் பணியாற்றிய நூல்களைக் கேட்டறிந்து, சில பக்கங்களை மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லலாம். பணியின் அளவு, காலம், கட்டணம், காப்புரிமை ஆசிரியருக்கே என்பது ஆகியவை எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒரு முழு நூலுக்குச் சில ஆயிரம் டாலர்கள்கூட ஆகலாம். அவ்வளவு இயலாதவர்கள், நூலைப் படித்து அறிக்கை மட்டும் தரும் மதிப்பீட்டைக் குறைந்த செலவில் பெறலாம். பதிப்பகம் நிச்சயம் ஏற்கும் என்று உறுதியளிப்பவரிடமிருந்து விலகி நிற்பதே அறிவுடைமை.

அறிக்கை வந்ததும் உடனே மறுமொழி எழுதக் கூடாது. முதல் நாள் அது வலிக்கும். ஒரு வாரம் கழித்துப் படிக்கையில், பாதிக்கு மேல் முன்பே மனத்தில் உறுத்தியவை என்பது புலனாகும்.

தமிழில் எழுதுவோருக்கு இத்தகைய எடிட்டர்கள் அரிது. இங்குதான் தமிழ்ச் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கைப்பிரதியின் செம்மையாக்கத்துக்கு ஒதுக்கினால், விழா சிறுத்தாலும் நூல் நிலைக்கும். தமிழாசிரியர்களும் நல்ல வாசகர்களும் கொண்ட சிறு வாசிப்புக் குழு ஒன்றை ஒவ்வொரு நகரத்திலும் அமைக்கலாம். வீட்டிலேயே எழுதும் மகனோ மகளோ இருந்தால், தந்தையின் கைப்பிரதிக்கு அவர்களே முதல் வாசகராகட்டும். எங்கே சலித்தது என்று சொல்லும் உரிமையைப் பெற்றோர் அவர்களுக்கு வழங்கட்டும். இளையோரும் தம் முதல் நாவலைப் புகழும் உறவினரோடு நின்றுவிடாமல், அதைக் குடையும் ஓர் அயலாரிடம் கொடுக்கட்டும்.

ஊரைவிட்டு வந்த தலைமுறை முதுமை எய்துகிறது. அவர்களுள் பலர் ஒரேயொரு நூல்தான் எழுதுவர். அந்த நூல் கண்ணாடி அலமாரியில் முடிவதா, பேத்தியின் கையில் விரிவதா என்பது, அச்சகத்துக்கு அனுப்பும் முன் யாரிடம் அதைப் படிக்கக் கொடுத்தார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது.