தும்மலும் மாஸ்க்கும் – ஒரு வரவு செலவுக் கணக்கு



"கொரோனாதான் போயாச்சே, இன்னும் எதுக்கு சாரே மாஸ்க்?" டிசம்பர் பிறந்தா பேங்க் கவுன்ட்டர்ல தினமும் யாராவது கேக்குற கேள்வி இது. நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5-ம் தேதி அவசரநிலை முடிஞ்சதுன்னு அறிவிச்சிடுச்சு. ஆனா நான் மாஸ்க் போடுறது கொரோனாவுக்காக இல்லீங்க, மூக்குக்காக :-)

எனக்கு சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும். பேங்க் மாற்றல்ல குடும்பத்தோட இந்த பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைக்கு வந்தா, இங்கே தென்னை. மாசத்துக்கு ஒரு பாளை விடுற மரம். அதோட மகரந்தம் காத்துல பறந்து அலர்ஜி தரக்கூடியதுதான். மழை ஓய்ஞ்சதும் புல் பூக்கும், ரப்பர் இலை உதிரும், கூடவே ஹைவே தூசி. மூக்கு என்ன செய்யும், பாவம்!

என் கருத்து இதுதான். கொரோனா காலத்துப் பழக்கங்கள்ல சிலதை நம்மள மாதிரி அலர்ஜிக்காரங்க கைவிடவே கூடாது. சிலது நமக்குக் கெடுதல்தான் செஞ்சது. நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். அதனால வரவு செலவாவே எழுதிடறேன்.

வரவு: மகரந்தத் தூள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல இருக்கும். கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான்தான். வைரஸுக்காகப் போட்ட சாதா சர்ஜிக்கல் மாஸ்க், மகரந்தத்தை ரொம்ப சுலபமா தடுத்துடும். இஸ்ரேல்ல 2020-ல நர்ஸ்கள்கிட்ட நடத்தின ஆய்வுலயும், மாஸ்க் போட்டதுல மூக்குத் தொந்தரவு குறைஞ்சதா தெரியவந்தது. ஜப்பான்ல சுகி மர மகரந்தத்துக்காக கொரோனாவுக்கு முன்னாடியே வசந்தத்துல மாஸ்க் போடுவாங்க. வெளியே போய் வந்ததும் கை கழுவி, குளிச்சு, துணி மாத்துறோமே, அதுவும் வரவுதான். முடியிலயும் சட்டையிலயும் ஒட்டின மகரந்தம் தலையணைக்குப் போகாது.

செலவு: 2020 மார்ச் 25-ல ஊரடங்கு வந்ததும் எல்லாரும் வீட்டுக்குள்ள. இந்த ஊர் ஈரத்துக்கு மெத்தையிலயும் தலையணையிலயும் தூசிப்பூச்சி நல்லா வளரும். சுவர்ல பூஞ்சை வேற. வெளி மகரந்தத்துக்குப் பயந்து உள்ளே அடைஞ்சவங்களுக்கு இதுங்ககிட்ட மாட்டல். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்ச்ச வீடுகள்ல அந்த நெடியே இருமலைக் கிளப்பும். அப்புறம், மாஸ்க் கண்ணை மூடாது. கண் அரிப்பு அப்படியேதான் இருக்கும்.

பெரிய செலவு இன்னொண்ணு இருக்கு: பயம். இஞ்சிவிளை செக்போஸ்ட்ல பாஸ் காட்டி எல்லையைக் கடந்த அந்த நாட்கள்ல, ஒரு தும்மல் போட்டா போதும், வரிசையே ரெண்டடி தள்ளி நிக்கும். வேற மாநிலத்துலேர்ந்து வந்த குடும்பம்னா சந்தேகம் இன்னும் ஜாஸ்தி. தும்மலை அடக்கி அடக்கியே கண்ணுல தண்ணி வந்தவங்க எத்தனை பேரு! இன்னிக்கு நிலைமை தலைகீழ். மாஸ்க் போட்டாத்தான் "என்ன வியாதி?"னு பாக்குறாங்க. "கழட்டு, நாலு பேர் என்ன நினைப்பாங்க"ன்னு நாமளே பிள்ளைகளை அதட்டுறோம். நாலு பேரா வந்து அந்தப் பிள்ளைக்காக மூச்சு விடப் போறாங்க?

அதனால நான் சொல்றது:

- சீசன்ல ஸ்கூல் போகும்போதும், பைக் ஓட்டும்போதும், வீடு பெருக்கும்போதும் மாஸ்க் போடுங்க. துணி மாஸ்க்கை தினமும் துவைங்க.
- படுக்கை விரிப்பை வாரம் ஒருதரம் வெந்நீர்ல துவைங்க.
- கண்ணும் மூக்கும் அரிச்சு, காய்ச்சல் இல்லாம வருஷா வருஷம் அதே மாசத்துல வந்தா அது அலர்ஜியா இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சலோ உடம்புவலியோ வந்தா "எனக்கு அலர்ஜிதான்"னு சொல்லிட்டு ஆபீஸ் போகாதீங்க.
- இளைப்பு இருக்குற பிள்ளைக்கு மாஸ்க் மட்டும் போதாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களா நிறுத்தாதீங்க.

அஞ்சு ரூபா மாஸ்க் ஒரு பிள்ளையை ராத்திரி மூக்கடைப்பில்லாம தூங்க வைக்கும்னா, நான் பார்த்த முதலீட்டிலேயே இதுதான் பெஸ்ட். உங்க ஊர்ல எந்த மாசம் தும்மல் ஆரம்பிக்குது? சொல்லுங்க.